நாகமா இருந்த பக்கம்

வலது பக்கம். வண்டியின் வலது பக்கம், ஜன்னலோரம். அதற்காகக் காலையில் விடுதி வாசலிலேயே ஒரு சிறு போர் நடத்தி வென்றிருந்தாள் சுகிர்தம். அந்த இடம் புஷ்பரதி அக்காவுடையது; பாளையங்கோட்டையில் கிளம்பியதிலிருந்து வாந்தியைச் சொல்லிச் சொல்லியே அக்கா எல்லா வண்டியிலும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக்குடுங்க அக்கா" என்று கேட்டதற்கு, "குடுக்கேன் டீச்சர், ஆனா வந்தா ஒங்க மடியிலதான் எடுப்பேன், சம்மதமா?" என்றாள். "சம்மதம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனக்கென்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காத டீச்சருக்கு இன்று என்ன வந்தது என்று பாஸ்டர் தனசிங் புருவத்தைத் தூக்கினார். என்ன வந்தது என்று எப்படிச் சொல்வது. பெத்லகேம் பார்த்தாயிற்று, கெத்செமனே பார்த்தாயிற்று, கலிலேயாக் கடலில் காலை நனைத்தாயிற்று. எல்லா இடத்திலும் மற்றவர்களோடு அவளும் முழங்கால் போட்டாள், பொய்யாக அல்ல. ஆனாலும் மனத்தின் ஒரு மூலை இந்தச் சாலைக்காகக் காத்துக்கிடந்தது. யூதேயா மலைகளிலிருந்து கடலோரச் சமவெளிக்கு இறங்கும் இந்தச் சாலை. பயணத் திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிற வெறும் வழி. பின்னிருக்கைகளில் கைத்தாளத்தோடு பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் உதடுகள் தாமாகப் பாடின, கண்கள் பாடவில்லை. வெள்ளைப் பாறை, பைன் மரம், மறுபடி வெள்ளைப் பாறை. கண்ணில் புரை எடுத்தபிறகு வெள்ளை எல்லாம் சற்று நீலமாகத் தெரிகிறது. அந்த மலையும் நீலமாகத்தான் தெரியுமோ. அந்த மலை இருக்குமா முதலில். சாலை போடுகிறவன் வெட்டி எடுத்திருந்தால்? சிமெண்டு ஆலைக்காரன் தின்று தீர்த்திருந்தால்? பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாள் முதல் வரிசையில் கொடுக்கப்பட்டு, தன் வரிசைக்கு வந்துகொண்டிருக்கும்போது வருமே ஒரு பயம், அது வந்துவிட்டது. இத்தனை வயதிலும் அது சாகவில்லை.

நாகமா. வேதாகமத்தில் யோசுவாவின் புத்தகத்தில், யூதா கோத்திரத்துக்குக் கிடைத்த பட்டணங்களை எண்ணிக்கொண்டு போகிற இடத்தில், பெத்டாகோனுக்கும் மக்கெதாவுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல். அவ்வளவுதான் அந்த ஊருக்குக் கிடைத்தது. அங்கே ஒரு ராஜா பிறக்கவில்லை, ஒரு தீர்க்கதரிசி அழவில்லை, ஒரு போர்கூட நடக்கவில்லை. பட்டியலை உரக்க வாசிக்கிறவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் அது கடந்து போய்விடும். கல்லூரியில் எபிரெயம் படித்த நாளில் அந்தச் சொல்லில் சுகிர்தத்தின் விரல் நின்றது. ஏன் நின்றது என்று இன்றுவரை தெரியாது. இனிமை என்று அதற்குப் பொருள். ஊருக்கு இனிமை என்று பெயர் வைத்தவர்கள் அங்கே என்ன இனிமையைக் கண்டார்கள்? தண்ணீரா, காற்றா, சாயங்கால வெளிச்சமா? பிறகு வேதாகமக் கல்லூரியில் அவளே எபிரெயம் கற்பிக்க வந்தபின்பும் அந்த ஊர் கூடவே வந்தது, வீட்டுக்குள்ளும் வந்தது. அவள் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தால் கணவர் ராஜமணி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார், "என்ன, ஒன் நாகம்மா வந்துட்டாளா? சோத்துக்கு அவளுக்கும் சேத்து ஒல வைக்கவா?" சக்களத்தியைப் பற்றிப் பேசுவதுபோல அவர் பேச, அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவாள். இப்போது அவர் இல்லை. நாகம்மா இருக்கிறாள், அல்லது இல்லை, இன்று தெரிந்துவிடும். சமவெளியில் அந்தப் பெயரின் சாயலோடு ஒரு பாழூர் இருந்தது, அதுதான் நாகமா என்று ஆராய்ச்சிப் பெரியவர்கள் எழுதிவைத்தார்கள். ஆனால் அங்கே கிடைத்த பானை ஓடுகள் எல்லாம் ரோமர் காலத்தவை, யோசுவா காலத்து ஊருக்கு அவை கொள்ளுப்பேத்தி. அது எப்படி என்று எல்லாரும் திகைத்தார்கள், அவள் திகைக்கவில்லை. அவளுடைய அம்மாவின் ஊர் தேரிக்காட்டு ஓரம். செம்மணல் காற்றோடு நடந்து வந்து வீடுகளை ஒவ்வொன்றாக மூடியபோது, ஜனங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் குடிபெயர்ந்தார்கள், போகும்போது ஊர்ப் பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லறைகளை எடுத்துப் போக முடியவில்லை. தாத்தாவைப் புதைக்கப் பழைய ஊருக்குத்தான் தூக்கிப் போனார்கள். பெட்டியைச் சுமந்தவர்களின் கால் முழங்கால்வரை மணலுக்குள் போயிற்று, கூரையில்லாத பழைய வேதக்கோயில் பக்கத்தில் குழி வெட்ட வெட்ட மணல் சரிந்தது. பெயர் நடக்கும், இறந்தவர்கள் நடக்க மாட்டார்கள். அந்த மணலில் நின்றபோது அவளுக்கு அது ஒரு சோகம். பல வருஷம் கழித்து வரைபடத்தில், ஊர் எதுவும் குறிக்காத ஒரு மலையில் பாறைக் கல்லறைகளுக்கான சிறு அடையாளங்களைக் கண்டபோது அது ஒரு சாவி. கல்லறை இருக்கும் இடத்தில் ஊர் இருந்திருக்க வேண்டும். அந்த மலையுச்சிதான் நாகமா.

இதைக் கட்டுரையாக எழுதி ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினாள். மரியாதையாகத் திரும்பி வந்தது. சிந்தனை புதிது, மொழி தெளிவு, ஆனால் கட்டுரை ஆசிரியை அந்த இடத்தை நேரில் பார்த்திருக்கிறாரா? அந்த ஒரு கேள்வி. எத்தனை வருஷம் அது அவளோடு குடித்தனம் செய்தது. இட்லிக்கு அரைக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, ராஜமணி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, குழாயில் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுகூட: ஆசிரியை அந்த இடத்தை நேரில் பார்த்திருக்கிறாரா? இல்லை, ஐயா. ஆசிரியை தூத்துக்குடிக்கு அப்பால் கடலைத் தாண்டியதில்லை. ஆசிரியைக்கு ஒரு மகன், ஒரு மாமியார், ஒரு தொழுவம், ஒரு கல்லூரி. கட்டுரை கல்லூரி மலரில் வந்தது, மாணவர்கள் அவளுக்கு நாகமா டீச்சர் என்று பெயர் வைத்தார்கள், அதோடு முடிந்தது. முடிந்ததா? முடிந்திருந்தால் காலையில் ஜன்னலுக்காக ஏன் போர் நடத்தினாள். வண்டி ஒரு வளைவில் சாய்ந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மருமகள் கோமதி விழித்து, பொட்டைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். சங்கரன்கோவில் பெண், மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம் கற்பிக்கிறாள், மகன் ரூபனுக்கு லீவு கிடைக்காததால் மாமியாரின் முழங்காலைப் பார்த்துக்கொள்ள வந்தவள், வந்த இடத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சுற்றிப் பார்க்கிறாள். "என்னத்த அத்தை இப்பிடிப் பாத்துக்கிட்டே வாறீங்க? கண்ணாடிக்குள்ள மூக்கு போயிரும்போல." சுகிர்தம் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். இரண்டு வளைவு, பிறகு ஒரு வறண்ட ஓடை, பிறகு வலது பக்கம். மனப்பாடம். ஓடை வந்தது. ஓடை வந்துவிட்டது! பாட்டு நின்றது, யாரோ பாஸ்டரிடம் பாத்ரூம் என்று சொன்னார்கள், இன்னும் நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது, வழிகாட்டி எலியாஸ் ஓட்டுநரின் தோளைத் தட்ட, வண்டி சாலையைக் கடந்து இடப்பக்கம் இருந்த ஒரு பெட்ரோல் பங்கில் போய் நின்றது. நிற்கும் என்று அவள் கனவிலும் எண்ணவில்லை. ஒரு நொடி ஜன்னலில் தெரிந்து மறையும், அந்த நொடி போதும் என்று வந்தவளுக்கு முன்னால் கதவு திறந்தது.

"டீ குடிச்சிட்டு சட்டுனு ஏறிரணும், ஆமா" என்றார் பாஸ்டர். எல்லாரும் கழிவறைப் பக்கம் ஓடினார்கள். சுகிர்தம் அவர்களுக்கு எதிர்த்திசையில் நடந்து சாலையோரம் வந்து நின்றாள். எதிரே பள்ளத்தைத் தாண்டி அது நின்றது. நீலம் இல்லை; எலும்பு வெள்ளை. முகத்தில் வரிசையாகக் கரிய துவாரங்கள், ஒன்று, இரண்டு, அதற்குமேல் எண்ணவில்லை, எண்ண முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. கல்லறைகள். வரைபடத்துச் சிறு அடையாளங்கள் வாய் திறந்து நிற்கின்றன. பார்த்தேன் ஐயா, ஆசிரியை பார்த்துவிட்டார், நேரில். மேலே, மலையுச்சிக்குக் கண்ணை உயர்த்தினாள், தன் ஊரைப் பார்க்க. உயர்த்திய கண் அங்கேயே நின்றது. உச்சி இல்லை. கத்தி முனைபோல ஒரு பாறை விளிம்பு, அவ்வளவுதான். அங்கே ஓர் ஊர் இல்லை, ஒரு தெரு இல்லை, பத்து ஆடு நிற்க இடம் இல்லை. மண்ணே இல்லை. தண்ணீருக்கு வழியே இல்லை. வரைபடத்தின் உயரக்கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தது அவளுக்குச் செங்குத்தாகத் தெரியாமல் போயிற்றா, தெரிந்தும் மனம் அதை விரித்துக்கொண்டதா? கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டாய். பார்க்காதவரை உனக்கு ஓர் ஊர் இருந்தது, இனிமை என்று பெயர் இருந்தது, பார்த்தாய், போயிற்று. மணல் நடந்து வந்து மூடுகிற சத்தம் காதில் கேட்டது. நாகமா டீச்சர். எதற்கு வந்தாய், முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் கிடந்திருக்கலாமே. ராஜமணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? போறா விடு, இன்னொரு நாகம்மா வருவா என்றிருப்பார், அதற்கும் அவள் கோபித்துக்கொண்டிருப்பாள். வெயில் பின்கழுத்தில் உறைத்தது. பின்னால் டீ மெஷின் சீறிற்று.

கோமதி இரண்டு காகித டம்ளரோடு வந்து நின்றாள். "சீனி கம்மி. கேட்டா சிரிக்கான், போட மாட்டேங்கான்." சுகிர்தம் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. மருமகள் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் பார்த்த மலையைப் பார்த்தாள். "என்னது அத்தை அது, ஓட்ட ஓட்டயா? புறாக் கூடா?" "கல்லறைம்மா. ரொம்பப் பழசு." "ஓ." ஒரு மடக்கு. "அப்ப இதான் ஒங்க ஊரா? அவுக சொல்லுவாக, அம்மாவுக்கு ஒரு ஊர் இருக்குன்னு." ரூபன் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லியிருக்கிறான், வேறு நாளாக இருந்தால் அது ஒரு சந்தோஷம். "ஊர் அங்க மேல இருந்துச்சுன்னு நெனச்சேன் கோமதி. தப்பு. அங்க ஊர் இருக்க முடியாது." குரல் உடையாமல் சொல்லிவிட்டாள், அது ஒரு சிறிய வெற்றி. கோமதி சிரித்துவிட்டாள். சிரித்தது தப்பு என்று தெரிந்து டம்ளரால் வாயை மூடிக்கொண்டாள், அப்புறமும் சிரித்தாள். "கோவிக்காதீங்க அத்தை. செத்தவங்கள வச்ச எடத்துல யாராவது ஊர வைப்பாகளா? ஒங்க ஆளுகதான் அப்பிடி. கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒங்க கோயில் அசன விருந்துக்குக் கூட்டிட்டுப் போனீகளே, ஞாபகம் இருக்கா? கல்லறை மதில்ல எலயச் சாச்சு வச்சுக்கிட்டு சோறு திங்காக எல்லாரும். ஒரு தாத்தா கல்லறயில இருக்க பேர வாசிச்சுக்கிட்டே கறி கேக்காரு. எனக்கு உள்ள எறங்கல. எங்க ஊர்ல சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே தலைக்குத் தண்ணி ஊத்திருவாக. எங்க சுடுகாடு ஆத்துக்கு அங்கிட்டு, நாங்க இங்கிட்டு." டீயை முடித்து டம்ளரைக் கசக்கினாள். "அது சரி, எல்லா வாசலும் ஏன் இங்கிட்டே பாக்கு? நம்மளயே பாத்துக்கிட்டு இருக்காப்புல இருக்கு."

அங்கிட்டு, இங்கிட்டு. தீட்டு. எண்ணாகமம், பத்தொன்பதாம் அதிகாரம்: பிரேதக்குழியைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தீட்டு. அதை எத்தனை வகுப்புக்குக் கற்பித்தாள், எபிரெயத்தில் கற்பித்தாள், ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் போட்டுக் கற்பித்தாள். அந்த ஜனங்கள் இறந்தவர்களை ஊருக்குள் வைக்க மாட்டார்கள் என்று பரீட்சைக்குக் கேள்வி வைத்தாள், சரியாக எழுதியவர்களுக்கு மார்க் போட்டாள், வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தால் தன் அம்மாவின் கோயிலை மலையுச்சியில் கட்டிவிட்டு அதன் பக்கத்தில் கல்லறைகளை வைத்தாள். கோயில், கோயிலை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், அதை ஒட்டித் தெரு, அசனத்துக்கு மூட்டிய அடுப்பு. அவளுக்கு ஊர் என்றால் அதுதான், இறந்தவர்கள் பக்கத்திலேயே படுத்திருப்பார்கள், பேத்திகள் அவர்கள்மேல் ஏறி விளையாடுவார்கள். யூதா கோத்திரத்தையே திருநெல்வேலித் திருமண்டலத்தில் சேர்த்துவிட்டிருக்கிறாள்! ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிப் பரம்பு மேட்டைப் பஸ்ஸில் கடக்காத வருஷம் உண்டா? தாழிகளைப் புதைத்தவர்கள் தாழிகளோடா குடியிருந்தார்கள்? இறந்தவர்கள் நடக்க மாட்டார்கள், சரி, அது சரிதான், அது இப்போதும் சரி. ஆனால் அவர்கள் ஊருக்குள் இல்லை. ஊருக்கு எதிரே. பள்ளத்துக்கு அந்தக் கரையில், தீட்டுக்கு வெளியே, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அம்மாவை வைத்துவிட்டு வந்தவள் காலையில் கதவைத் திறந்தால் அந்த வாசல் தெரிய வேண்டும். அந்த வாசலிலிருந்து பார்த்தால் இவள் கதவு தெரிய வேண்டும். அவர்கள் வாசலையெல்லாம் ஊரைப் பார்த்து வெட்டினார்கள். ஊரைப் பார்த்து. இங்கிட்டு. கோமதி சொன்னாளே, நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல என்று. சுகிர்தம் திரும்பினாள். அவசரப்படாமல், முழங்காலுக்குப் பயந்து, ஒவ்வொரு பாதமாகத் திரும்பினாள். பங்கின் தகரக் கூரைக்குப் பின்னால், கழிவறைச் சுவருக்குப் பின்னால், இவ்வளவு நேரமும் அவள் முதுகுக்குப் பின்னால், அது உட்கார்ந்திருந்தது. கவிழ்த்துவைத்த இட்லிச்சட்டிபோல ஒரு மேடு. தலை தட்டை, நான்கு பக்கமும் ஒரே சரிவு, எந்த மலையும் தானாக அப்படி வளராது, வீட்டின்மேல் வீடு விழுந்து அதன்மேல் வீடு கட்டினால்தான் அப்படி வளரும். சரிவெல்லாம் ஒலிவ மரம். அடிவாரத்தில், இந்தக் காய்ந்த தேசத்தில், ஒரு முழ அகலத்துக்கு நாணல் பச்சை. ஊற்று. இனிமை. அதுதானே, அதற்குத்தானே அந்தப் பெயர். டம்ளர் கையிலிருந்து நழுவியதை அவள் அறியவில்லை. "அத்தை, சேலை சேலை" என்று கோமதி பதறினாள்.

நடந்தாள். கழிவறை வரிசையைக் கடந்து நடந்தாள், "டீச்சர், லைன் இங்க இருக்கு" என்று யாரோ சொன்னார்கள், "எனக்கு வேண்டாம்" என்றாள், வேலி இல்லாத இடமாகப் பார்த்துச் சரிவில் ஏறினாள். கோமதி முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள், ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் அது ஒரு பெரிய குணம். மண் மென்மையாக, சாம்பல் நிறமாக, காலுக்குக் கீழே உதிர்ந்தது. அது மலை மண் இல்லை, அடுப்புச் சாம்பலும் இடிந்த சுவரும் கலந்து ஆறிய மண். தேரி மணல்போல இழுக்கவில்லை, தாங்கியது. குனிந்தாள். முழங்கால் கத்தியது, கத்தட்டும். ஒலிவ வேரடியில் ஒரு சிறு ஓட்டுத் துண்டு, கிண்ணத்தின் விளிம்பு. புடவைத் தலைப்பால் துடைத்தாள். சிவப்புப் பூச்சு, அதன்மேல் கையால் தேய்த்து மெருகேற்றிய கோடுகள், ஒழுங்கில்லாமல், ஒரு மனுஷியின் அவசரத்தோடு. படங்களில் பார்த்திருக்கிறாள், ரோமருக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய, ராஜாக்கள் காலத்துக் கிண்ணம். படத்தில் இந்தக் குளிர்ச்சி கிடையாது. விளிம்பில் பெருவிரலை வைத்தாள், ஒரு மெல்லிய பள்ளத்தில் விரல் போய் உட்கார்ந்தது. யாரோ ஒருத்தி இப்படிப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறாள், குடித்துக்கொண்டே எதிர்க்கரையைப் பார்த்திருக்கிறாள். சுகிர்தமும் பார்த்தாள். இங்கிருந்து எல்லா வாசலும் தெரிந்தன, ஒன்று பாக்கியில்லாமல், முகத்துக்கு நேராக. ராஜமணி, வந்துட்டா. ஒல வையுங்க. எலியாஸ் கீழிருந்து கையை ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஏறிவந்தான். "அம்மா, இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, இது வெறும் மேடு, இதற்குப் பெயர்கூடக் கிடையாது" என்றான் ஆங்கிலத்தில். அவள் ஓட்டுத் துண்டை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தாள்; அது அங்கே இருக்க வேண்டியது. "பெயர் இருக்கிறது" என்றாள். நாளைக்கு யாராவது தோண்டி இல்லை என்று சொல்லலாம், சொல்லட்டும், வாதாடலாம், எழுதலாம், அதற்கு இன்னும் கை இருக்கிறது, கண் இருக்கிறது. கட்டுரை முழுவதையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். முதல் வரி தயாராக இருந்தது: நான் நினைத்த இடத்தில் அது இல்லை. எத்தனை நல்ல வரி. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வருகிற சிரிப்பு ஒன்று தொண்டையில் ஏறி வந்தது, அடக்காமல் விட்டாள். ஒலிவ மரத்திலிருந்து ஏதோ ஒரு பறவை எழுந்து போயிற்று.

வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏறியபோது பாஸ்டர், "என்ன டீச்சர், பூமிக்குள்ள போயிட்டீங்களோன்னு பயந்துட்டோம்" என்றார். "போயிட்டுதான் வாறேன்" என்றாள். பாஸ்டருக்கு விளங்கவில்லை, இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். புஷ்பரதி அக்கா வலது ஜன்னலைக் கைப்பற்றியிருந்தாள், கண்ணைப் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இருங்க அக்கா, இனிமே எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சுகிர்தம் இடது பக்க வரிசையில் காலியாக இருந்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மேடு கண்ணாடி நிறைய இருந்தது. கோமதியின் போன் அடித்தது. ரூபன். அவன் குரல் எப்போதும்போல வண்டிக்கே கேட்டது: "எங்க நிக்கீங்க?" கோமதி பங்கின் பலகையைப் பார்த்தாள், எபிரெய எழுத்து, ஒன்றும் புரியவில்லை. மாமியாரைப் பார்த்தாள். "நாகமாவுல நிக்கோம்." "எங்க?" "நாகமா. ஒங்க அம்மாவோட ஊரு. டீ குடிச்சோம், நல்லால்ல." முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பி, "என்ன ஊருன்னாக?" என்றார். "நாகமாவாம்." "நாகமாவா? சரி சரி." அது ஒரு இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்குப் போயிற்று, முறுக்குப் பொட்டலம் கைமாறுவதுபோல. சுகிர்தம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ நூற்றாண்டாக அந்த மேட்டடியில் நின்று யாரும் சொல்லாத சொல்லை இப்போது சாத்தான்குளத்துக்காரர் ஒருவரும் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரி ஒருத்தியும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். வண்டி அசைந்தது. கடைசி இருக்கையில் அப்போதுதான் தூக்கம் கலைந்த யாரோ, இது எந்த ஊர், இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்க, பக்கத்திலிருந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்போல அலுப்பாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னார்: "இதா? இது நாகமா."